ஓதப்பள்ளிப் பாயில் ஓர் இடம்: மாற்றுத்திறனுடைய சிறார் பொது வகுப்பில் அமர்ந்த வரலாறு



தென்பெண்ணையாற்றின் கரையில், கரும்புக் கொல்லைகளுக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் நடுவே அமைந்தது மூங்கில்துறைப்பட்டு. இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நம் குழந்தைகளுக்கு வீட்டை அடுத்துத் திறக்கும் வாசல்கள் இரண்டு. முதலாவது, நம் தாய்மார்கள் இன்றும் பால்வாடி என்றே வழங்கும் அங்கன்வாடி. மற்றது, சற்றுப் பின்னர் அடியெடுத்து வைக்கும் மக்தப். நடக்க இயலாத, காது கேளாத, பேச்சு வராத, அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தையை இவ்விரு வாசல்களிலும் நாம் அரிதாகவே காண்கிறோம். "அது பாட்டுக்கு வீட்டிலேயே இருக்கட்டும், பாவம்" என்கின்றனர் வீட்டுப் பெரியவர்கள். "இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளி இருக்கிறதே" என்கின்றனர் அக்கம்பக்கத்தார். இரண்டு சொற்களிலும் இரக்கம் உண்டு. ஆயினும் இரண்டின் முடிவும் ஒன்றே: அக்குழந்தை தன் வயதுப் பிள்ளைகளோடு ஒரு பாயில் அமர்வதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. இந்தியாவில் மாற்றுத்திறனுடைய ஐந்து வயதுக் குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கினர் எந்தக் கல்விக்கூடத்திற்கும் செல்வதில்லை என்று யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் இவ்விகிதம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது, கதவு மிக இறுக்கமாகச் சாத்தப்பட்டிருப்பது மழலையர் பருவத்தில்தான்.

இப்பிரிவினை தொன்றுதொட்டு வந்தது என்றும், மார்க்கம் இதற்கு இடம் தருகிறது என்றும் எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

மதீனாவின் முதல் ஆசிரியர்கள்

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை அறியாத முஸ்லிம் வீடு இராது. பார்வையற்ற அந்தத் தோழர் அறிவு தேடி வந்த வேளையில், குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் சுளித்ததும், அதன் பொருட்டு அல்லாஹ் 80ஆவது அத்தியாயமாகிய அபஸவின் தொடக்க வசனங்களை அருளியதும் நாம் மக்தபிலேயே கற்ற செய்திகள். பெரும்பாலும் நம் உரைகள் அத்துடன் நின்றுவிடுகின்றன. அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவை நம் பொருளுக்கு மிகவும் வேண்டியவை.

ஹிஜ்ரத்திற்கு முன்னர் மதீனாவுக்கு வந்து அம்மக்களுக்குக் குர்ஆனைக் கற்பித்த முதல் இருவர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களும் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுமே என்று பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. மதீனாவின் முதல் குர்ஆன் வகுப்பில் இரு ஆசிரியர்களுள் ஒருவர் பார்வையற்றவர் என்பதே இதன் பொருள்.

பின்னர் அவர் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவரானார். பஜ்ருடைய பாங்கை வெளுப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கோ பார்வை இல்லை. அதற்காக அப்பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை. பொழுது புலர்ந்துவிட்டது என்று பிறர் அவருக்கு அறிவித்தனர். அதன் பின்னர் அவர் பாங்கு சொன்னார். இன்று கல்வியாளர்கள் "தேவையான உதவியுடன் பங்கேற்கச் செய்தல்" என்று விளக்கும் கோட்பாடு அன்றே பள்ளிவாசலில் நடைமுறையாய் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பைப் பலமுறை அவரிடமே ஒப்படைத்துச் சென்றார்கள்.

இத்துடன் அந்நூர் அத்தியாயத்தின் 61ஆவது வசனத்தையும் இணைத்துப் பார்க்க வேண்டும். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் பிறருடன் சேர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று அவ்வசனம் தெளிவுபடுத்துகிறது. அக்காலத்தில் சிலர் இத்தகையோருடன் ஒரே தட்டில் உண்ணத் தயங்கினர் என்றும், சிலரோ தம்மால் பிறருக்குச் சங்கடம் நேருமோ என்று தாமே ஒதுங்கினர் என்றும் தப்ஸீர் நூல்கள் காரணம் கூறுகின்றன. ஒதுக்குதலும் ஒதுங்குதலும் ஆகிய இரண்டையும் அவ்வசனம் நீக்கியது. நம் காலத்துப் பெற்றோருக்கு இவ்விரண்டாவது செய்தி மிக நெருக்கமானது. பிள்ளையை மறுப்பவர் ஒருபுறம் இருக்க, மறுக்கப்படுமோ என்று அஞ்சித் தாமே வீட்டில் நிறுத்திக்கொள்ளும் தாய்மார்களும் பலர் அல்லவா?

குத்தாபுகளில் வளர்ந்தவர்கள்

மக்காவின் முஃப்தியாக விளங்கிய அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் ஒரு கண்ணில் பார்வையில்லாதவர். காலும் கையும் ஊனமுற்றவர். முதுமையில் முழுப் பார்வையையும் இழந்தார். ஹஜ்ஜுக் காலத்தில் அவரைத் தவிர வேறெவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று உமையா ஆட்சியில் அறிவிக்கப்பட்டது. குத்தாப் எனப்படும் சிறுவர் ஓதப்பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்ததாகவும் குறிப்புகள் உண்டு. ஊனமுற்ற கையுடன் அமர்ந்திருந்த அந்த உஸ்தாதைத் தினமும் பார்த்து வளர்ந்த சிறுவர்களின் உள்ளத்தில் ஊனம் இழிவு என்னும் எண்ணம் எங்ஙனம் வேர்விட்டிருக்கும்?

குர்ஆனை ஏழு கிராஅத்துகளில் ஓதக் கற்போர் இன்றும் மனனம் செய்யும் புகழ்பெற்ற பாடநூலை யாத்த இமாம் ஷாதிபி (ரஹ்) அவர்களும் பார்வையற்றவரே. அந்தலுஸில் பிறந்து, காஹிராவில் கற்பித்து, ஹிஜ்ரி 590இல் மறைந்தார். பார்வையற்ற அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை மட்டும் தொகுத்து 14ஆம் நூற்றாண்டில் ஸஃபதீ என்னும் வரலாற்றாசிரியர் ஒரு நூலே எழுதும் அளவுக்கு அவர்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு எகிப்தின் தாஹா ஹுஸைன். 1889இல் பிறந்த அவர், முறையான மருத்துவம் இன்றிக் கண்ணோயால் மிக இளவயதிலேயே பார்வை இழந்தார். அவருடைய சிற்றூரில் பார்வையற்றோர் பள்ளி எதுவும் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் ஓதிய அதே குத்தாபில், அதே பாயில் அமர்ந்து பத்து வயதை எட்டும் முன்னர் குர்ஆனை மனனம் செய்தார். அங்கிருந்து அல்அஸ்ஹர், பின்னர் எகிப்தியப் பல்கலைக்கழகம் 1914இல் வழங்கிய முதல் முனைவர் பட்டம், 1950இல் கல்வி அமைச்சர் பதவி. அவருடைய இலக்கிய ஆய்வுக் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் கடுமையாக மறுத்தனர். அது வேறு பொருள். நாம் இங்கு நோக்குவது, ஓர் எளிய குத்தாப் பார்வையற்ற சிறுவனுக்கு இடம் தந்தது என்பதையே.

இம்மரபின் வரம்பையும் நாம் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். நம் பழைய கல்வி முறை செவிவழிப்பட்டது: உஸ்தாத் ஓதுவார், மாணவர் கேட்டு ஒப்புவிப்பார். எனவே பார்வையற்ற பிள்ளை அதில் இயல்பாகப் பொருந்தியது. காது கேளாத பிள்ளைக்கும், மனனம் செய்ய இயலாத பிள்ளைக்கும் அதே எளிமையுடன் இடம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. கற்பிக்கும் முறை யாருக்கு ஒத்துவந்ததோ அவருக்கே வாசல் அகலமாய் இருந்தது. ஆகவே, குறையைப் பிள்ளையிடம் மட்டும் தேடாமல் கற்பிக்கும் முறையிலும் தேட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

தனிப்பள்ளிகளின் வருகை

காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் உரிய தனிப்பள்ளிகள் இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. பம்பாயில் காது கேளாதோர் பள்ளி 1880களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டது. பார்வையற்றோருக்கான பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தோன்றியது. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டை இதில் முன்னோடி. அங்கு கிறித்தவ சமயப் பணியாளராகிய ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நிறுவிய காது கேளாதோர் பள்ளி இன்றும் இயங்குகிறது.

இப்பள்ளிகளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஒருவரும் கற்பிக்க முன்வராத பிள்ளைகளுக்கு அவை எழுத்தும் கைத்தொழிலும் தந்தன. சைகை மொழியில் கூடிப் பேசும் ஒரு சமூகம் உருவானதும் அங்கேதான். ஆனால் அவை இருந்தது ஒரு சில நகரங்களில். மூன்று வயதுக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைதூர விடுதியில் சேர்ப்பது எளிதன்று. கல்வராயன் மலையில் ஜாகிர்தார் ஆட்சி முடிவுக்கு வந்ததே 1976இல்தான் என்றால், அம்மலைக் கிராமத்துக் குழந்தைக்கு அந்நகரப் பள்ளிகள் எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். தனிப்பள்ளி இருக்கிறது என்னும் எண்ணம் மட்டும் எல்லா ஊர்களுக்கும் பரவியது, தனிப்பள்ளி பரவவில்லை. அதனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அங்கும் இடமில்லை, இங்கும் இடமில்லை என்றாயிற்று.

மழலையர் கல்வி பட்ட கடன்

இன்று நம் பிள்ளைகள் பயிலும் மழலையர் பள்ளிகளில் மரத்துண்டுகள், வண்ண மணிகள், விரலால் தடவி அறியும் எழுத்துகள் முதலியவற்றைக் காண்கிறோம். இவற்றைப் பரவலாக்கியவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. அவர் 1900ஆம் ஆண்டளவில் முதன்முதலில் பணியாற்றியது அறிவு வளர்ச்சி குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட ரோமாபுரிச் சிறுவர்களிடம். இதார், செகேன் ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் இத்தகைய பிள்ளைகளுக்கென வகுத்த முறைகளைக் கற்று, அவற்றை அவர் மேம்படுத்தினார். அப்பிள்ளைகளுள் சிலர் பொதுப்பள்ளி மாணவருடன் தேர்வெழுதித் தேறியதை அவரே பதிவு செய்துள்ளார். அதன் பின்னரே, 1907இல், அம்முறைகளை ஏனைய குழந்தைகளுக்கும் கொண்டு சென்றார்.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுதும் இந்தியாவில் தங்கி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஊனமுற்ற பிள்ளைகளிடமிருந்து பிறந்த கல்வி முறை, இவ்வாறு தமிழகத்தின் மழலையர் வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தது. அவ்வகுப்புகளிலேயே அப்பிள்ளைகளுக்கு இடம் இல்லாமற் போனது வருந்தத்தக்கது.

அங்கன்வாடியும் காணாமற்போன குழந்தையும்

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. அங்கன்வாடி அதன் கைக்குழந்தை. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதலான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. சாதி சமயம் பாராமல் குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் இடமாகப் பால்வாடி ஆனது.

திட்டத்தின் எழுத்தில் எல்லாக் குழந்தைகளும் அடங்கினர். நடைமுறையில் அடங்கினரா என்று ஆராய்ந்தவர் மித்து அலூர் அம்மையார். அவருடைய மகள் மாலினி 1966இல் மூளை முடக்குவாதத்துடன் பிறந்தார். மகளுக்கு ஏற்ற பள்ளி இந்தியாவில் கிடைக்காததால் 1972இல் பம்பாயில் தாமே ஒரு சிறப்புப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என வளர்ந்தது. 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கிய மையம், இன்று வித்யாசாகர் என்னும் பெயரில் இயங்குவதும் அவ்வழியில் வந்ததே.

கால் நூற்றாண்டுக் காலம் சிறப்புப் பள்ளி நடத்திய பின்னர், 1990களின் இறுதியில் லண்டன் பல்கலைக்கழகத்திற்காக மித்து அலூர் செய்த ஆய்வு, அங்கன்வாடிகளில் மாற்றுத்திறனுடைய குழந்தைகள் சேர்க்கப்படவில்லை என்பதை வெளிப்படுத்தியது. தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. "இவர்கள் நம் பொறுப்பல்லர்" என்னும் எண்ணமே தடையாய் இருந்தது. அதன்பின் அவருடைய அமைப்பு மும்பையின் குடிசைப் பகுதிகளில் முன்னோடி மழலையர் வகுப்புகளை நடத்தியது. அவற்றுள் தாராவியும் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்ற தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது, நமக்கு அந்நியமன்று. அங்கு அப்பகுதிப் பெண்களையே பயிற்றுவித்து, எளிய பொருள்களைக் கொண்டு, எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்தினர். பணமும் பரந்த கட்டடமும் இருந்தால்தான் இது கூடும் என்னும் வாதத்திற்கு நெரிசல் மிகுந்த தாராவியே மறுமொழியாயிற்று.

சட்டம் வந்த வழி

1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி, பொதுப்பள்ளியே எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய இடம் என்று அறிவித்தனர். இந்தியாவில் 1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டம் பிறந்தது. 2007இல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரையறுத்து, அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் கல்வி நிலையங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என விதித்தது.

இருப்பினும் ஓர் இடைவெளி எஞ்சியது. கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதில் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் 6 முதல் 18 வயது வரையே. அதற்கு முந்தைய வயதினருக்குக் கல்வி தர அரசு முயலும் என்பதே அரசியலமைப்பின் சொல். மூளையும் மொழியும் மிக விரைந்து வளரும் ஆண்டுகளோ அந்த ஆறுக்கு முற்பட்டவை. 2023 நவம்பர் 28 அன்று ஒன்றிய அரசு மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. குறைபாட்டை முன்னரே கண்டறிதல், குடும்பத்திற்குத் துணைநின்று குழந்தையைச் சேர்த்துக்கொள்ளுதல், உரிய மருத்துவத்திற்கு அனுப்புதல் என்னும் மூன்று படிகளை அது வகுக்கிறது. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் மட்டும் உள்ள மையத்தில் இது எளிதன்று. ஆயினும், "இங்கே சேர்க்க மாட்டோம்" என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

இங்கு பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. காது கேட்கிறதா, கால் வளைந்துள்ளதா, வளர்ச்சி தாமதமா என்று பார்த்து, தேவையெனில் இடையீட்டு மையத்திற்கு அனுப்புவர். குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தால், எவருடைய கண்ணில் அக்குழந்தை பட வேண்டுமோ அவர்களின் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு வயதில் அறியக்கூடிய கேட்கும் குறைபாடு ஏழு வயதில் அறியப்படும்போது, மொழி கற்கும் பொன்னான ஆண்டுகள் கழிந்துவிட்டிருக்கும்.

நம் மக்தபுகளின் பொறுப்பு

அங்கன்வாடியை அரசு பார்க்கும். மக்தபை நாம்தான் பார்க்க வேண்டும். புத்தி சுவாதீனமற்றவர் மீது ஷரீஅத்தின் கடமைகள் இல்லை என்பது தெளிவான சட்டம். அச்சட்டத்தைக் காட்டி, "கடமையே இல்லாத பிள்ளைக்கு ஓதல் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கடமை இல்லை என்பது அப்பிள்ளையின் சுமையைக் குறைக்க வந்த அருள். நம் பொறுப்பைக் குறைக்க வந்த சலுகையன்று. ஸலாம் சொல்லவும், பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணவும், ஸஃப்பில் நிற்கவும் கற்கும் பிள்ளை இந்த உம்மத்தில் தனக்கும் இடமுண்டு என்பதைக் கற்கிறது.

"அந்தப் பிள்ளை வந்தால் எங்கள் பிள்ளையின் ஓதல் கெடும்" என்னும் கவலையையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. அது உஸ்தாத் திட்டமிட்டுத் தீர்க்க வேண்டிய கவலை. மக்ரஜ் கற்பிக்கையில் நாவும் உதடும் நிற்கும் இடத்தை முகம் நோக்கிக் காட்டினால் காது மந்தமான பிள்ளை பயன்பெறும். ஏனைய பிள்ளைகளின் உச்சரிப்பும் திருந்தும். காயிதாவின் எழுத்துகளை மணலிலோ சொரசொரப்பான தாளிலோ பெரிதாக வரைந்து விரலால் தடவச் செய்தால், தாமதமாகக் கற்போரும் விரைந்து கற்போரும் ஒருங்கே பயனடைவர். பாடத்தைச் சிறு கூறுகளாக்கலாம். அருகில் அமர்ந்து உதவ ஒரு தோழனையோ தோழியையோ அமர்த்தலாம். வாசற்படிக்கும் ஒளூச் செய்யும் இடத்திற்கும் ஒரு சாய்தளம் அமைக்க ஜமாஅத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. செவிடு, நொண்டி, பைத்தியம் என்னும் பட்டப்பெயர்கள் மக்தபுக்குள் ஒலிக்கவே கூடாது. அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்தது இதைத்தான்.

பொது வகுப்பு மட்டுமே போதும் என்று நாம் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், சைகை மொழி ஆகியவை வேண்டிய பிள்ளைகளுக்கு அவை கட்டாயம் கிடைக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளியே தக்கதாகவும் அமையலாம். ஆனால் அது ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். வெட்கத்தாலோ பழக்கத்தாலோ நேர்ந்ததாக இருக்கலாகாது.

கரும்பு வெட்டுக்குச் செல்லும் தாய் தன் பிள்ளையை வீட்டில் பூட்டிச் செல்ல நேரும் ஊர் நம்முடையது. அவளுக்கு ஆறுதல் மொழிகளைக் காட்டிலும் திறந்த வாசலே தேவை. எனவே வரும் ஷவ்வால் மாதம் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் முன்னர், ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தார் வீடு வீடாகச் சென்று, ஓத வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்று கேட்டறிய வேண்டும் என நாம் பணிவுடன் வேண்டுகிறோம். பார்வையற்ற தோழரை மதீனாவின் ஆசிரியராக ஏற்ற சமுதாயத்தின் வழிவந்தோர், தம் தெருவின் குழந்தைக்கு ஒரு பாயில் இடம் தர இயலாது என்று சொல்லலாகாது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! அவர்களுள் எவரையும் ஒதுக்கிய பழியிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.